துரு தெரியும் இடமும் இரும்பு கரையும் இடமும்: ராமேஸ்வரத்து மீன் வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எட்டு ஆண்டுகள் ஓடிய ஒரு சிறிய சரக்கு வண்டி, மதுரையில் மீனை இறக்கிவிட்டு வெறும் பெட்டிகளோடு ராமேஸ்வரம் திரும்பிக்கொண்டிருந்தது. உச்சிப்புளிக்கு அருகே ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்பக்க இடது சக்கரம் உள்வாங்கி, லோடு பாடி ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அதிகாலை நேரமாக இருந்ததாலும் வண்டி மெதுவாகப் போனதாலும் யாருக்கும் காயமில்லை. ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கும் என்று எண்ணிய ஓட்டுநர் குனிந்து பார்த்தபோது பட்டை முழுதாகவே இருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட், தான் பற்றவைக்கப்பட்டிருந்த சேஸிஸின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) தகட்டையும் உள்ளங்கை அகலத்துக்குப் பிய்த்துக்கொண்டு தொங்கியது.

அன்று மதியமே வண்டி ராமநாதபுரத்தில் உள்ள என் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. உரிமையாளர் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமானவர். வெல்டிங்கில்தான் குறை இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். "போன மாசந்தான் எப்.சி. முடிச்சேன், அண்ணே. அடியில புதுசாட்டம் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன். இது எப்படிண்ணே துருவாகும்?" என்று கேட்டார். (எப்.சி. என்பது வண்டிக்கு வாங்கும் தகுதிச் சான்று.) அவர் கேட்டது நியாயமான கேள்வி. லிப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்த்தபோது சேஸிஸ் முழுவதும் கருகருவென்று பளபளத்தது. பிய்ந்த இடத்தைத் தவிர ஒரு பழுப்புப் புள்ளியைக்கூடக் காண முடியவில்லை. இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணமே அந்தக் கேள்விதான். நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ பேர் துருவைத் தேடும் இடம் ஒன்று, துரு வேலை செய்யும் இடம் வேறொன்று.

வண்டி எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இங்கே பொருட்டல்ல. அதே நிறுவனத்தின் அதே மாதிரி வண்டிகள் இரண்டை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவை நல்ல நிலையிலேயே இருந்தன. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் செய்தது சுத்தியலால் தட்டிப் பார்த்ததுதான். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே தின்றுபோன தகடு பொத்தென்று அடங்கிவிடும். இந்த வண்டியின் சேஸிஸ் சட்டம் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவம் கொண்டது. கேபினுக்குக் கீழே அது நன்றாக ஒலித்தது. பின்சக்கரத்தை நெருங்க நெருங்க ஒலி மங்கியது. ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு ஒரு சாண் முன்னால் சுத்தியலின் கூர்முனையே உள்ளே இறங்கிவிட்டது. வலது பக்கச் சட்டமும் ஏறத்தாழ அதே நிலையில்தான் இருந்தது என்பதால், விழுந்தது இடது பக்கம் என்பது தற்செயல் மட்டுமே.

பிறகு இடது சட்டத்தின் பக்கத் தகட்டை அரை மீட்டர் நீளத்துக்குக் கட்டரால் வெட்டித் திறந்தோம். உள்ளே பாதி உயரத்துக்குக் கரும்பழுப்பு நிறச் சேறு அடைந்திருந்தது. கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தபோது மணலோடு மீன் செதில்களும், ஏடு ஏடாகப் பெயர்ந்த துருவும் கலந்திருந்தன. நாற்றம் சொல்லி மாளாது. மழை பெய்து பல நாட்கள் ஆகியிருந்தும் அந்தச் சேறு ஈரமாகவே இருந்தது. வெட்டிய துண்டைக் கழுவி வெர்னியர் அளவுகோலால் அளந்ததில், மேல் தகடு ஏறத்தாழ முழுத் தடிமனான 3 மி.மீ. அளவில் இருந்தது, கீழ்த் தகடு பல இடங்களில் 1 மி.மீ. அளவுக்குக் குறைந்தும், பிராக்கெட் பற்றவைக்கப்பட்ட ஓரத்தில் காகிதம்போல் மெலிந்தும் இருந்தது. வெளிப்புறத்தில் கறுப்புப் பெயின்ட் நான்கு அடுக்காகப் படிந்திருந்ததைத் துண்டின் விளிம்பில் தெளிவாகவே எண்ண முடிந்தது. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் ஒரு மெல்லிய மண் கோடு. வண்டி வாங்கிய இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் ஆண்டுகளில் எப்.சி. காட்டுவதற்காக அடித்த நான்கு பூச்சுகள் அவை. சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று தொழிற்சாலையிலேயே போட்டிருந்த துளைகள் எங்கே என்று தேடியபோது, அந்தப் பூச்சுகளுக்கும் அவற்றோடு இறுகிய மண்ணுக்கும் கீழே அவை ஒவ்வொன்றும் மூடிக் கிடந்தன.

பெயின்டைக் கண்டு ஏமாந்தது இந்த உரிமையாளர் ஒருவர் மட்டுமல்ல. இரும்பு எப்படிக் கரைகிறது என்பதைப் புரிந்துகொள்ளாதவரை யாரும் ஏமாறவே செய்வார்கள். பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் தவறாமல் செய்துகாட்டும் ஒரு சோதனை உண்டு. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓர் இரும்புத் தகட்டின்மேல் ஒரே ஒரு சொட்டு உப்புநீரை வைத்து அசையாமல் விட்டுவிட வேண்டும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், சொட்டின் வெளி விளிம்பில் இரும்பு பளபளப்பு மாறாமல் இருக்கும். அதற்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் ஒன்று தோன்றியிருக்கும். துடைத்துவிட்டுப் பார்த்தால் அரிப்பு ஏற்பட்டிருப்பது அந்த வளையத்துக்கு அடியில் அல்ல, சொட்டின் நடுவில்! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அரிமானத்தை, அதாவது உலோக அரிப்பை, ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் 1920-களில் விளக்கிக்காட்டிய சோதனை இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதன் விளக்கம் எளிது. இரும்பு தண்ணீரில் கரையும்போது எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகப் பிரிகிறது. விடுபட்ட அந்த எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ள வேறோர் இடத்தில் ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்திருக்க வேண்டும். சொட்டின் விளிம்பு மெல்லியது என்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதாக இறங்கிவிடும். நடுப்பகுதி ஆழமானது, அங்கே ஆக்சிஜன் குறைவு. ஆகவே விளிம்பு எலக்ட்ரான்களை வாங்கும் பக்கமாகவும், நடுப்பகுதி இரும்பைக் கொடுக்கும் பக்கமாகவும் பிரிந்து, ஒரு சொட்டுக்குள்ளேயே சிறு பேட்டரி ஒன்று உருவாகிவிடுகிறது. கரைந்த இரும்பும், விளிம்பில் உண்டான காரத்தன்மையும் இடைவழியில் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது. நாம் கண்ணால் காணும் பழுப்பு நிறம் அந்தச் சந்திப்பு இடத்தின் அடையாளம் மட்டுமே; இழப்பு நடந்த இடம் ஆக்சிஜன் எட்டாத மறைவில் இருக்கிறது.

மீன் வண்டியின் சட்டத்துக்குள் நடந்ததும் இதுவே. சேறு படிந்த கீழ்த் தகட்டுக்கு ஆக்சிஜன் எட்டவில்லை. சேற்றுக்கு மேலே ஈரக்காற்று படும் பக்கச் சுவர்களுக்கு அது தாராளமாகக் கிடைத்தது. மேலே பக்கச் சுவரில் லேசான துரு, கீழே சேற்றுக்கு அடியில் ஆழமான அரிப்பு. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்புகளிலும், போல்ட் தலைக்கு அடியிலும், கதவின் அடிமடிப்பிலும், ஈரமான கால்மிதிக்குக் கீழேயும் இதே கதைதான் நடக்கிறது. இணைப்புக்குள் துரு உண்டாகத் தொடங்கினால், தான் உருவான இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அது அடைத்துக்கொள்ளும். அந்த வீக்கம் இரண்டு தகடுகளையும் பிளந்து, அடுத்த ஈரத்துக்கு வழிவிடும்.

ஈரம் என்று சொன்னால் பலரும் மழையை நினைக்கிறார்கள். உண்மையில் மழை ஓரளவுக்கு நல்லதுகூட; வெளியே படிந்த உப்பைக் கழுவிவிடும். கெடுதல் செய்வது, கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை விடாமல் பிடித்துவைத்திருக்கும் உப்பு. சாதாரணச் சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அந்த அளவுகூடத் தேவையில்லை. 33 விழுக்காட்டிலேயே அது நீர்த்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் கல்லுப்பு கசிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராமேஸ்வரத்தின் நடுப்பகல் வெயிலில்கூட மூடிய சட்டத்துக்குள் இருக்கும் கடலுப்பு காய்வதில்லை என்பதற்கு இதுவே காரணம். மேலும், இந்த வேதிவினையில் உப்பு செலவாவதே இல்லை. இரும்பு கரைவதற்கு வழி செய்துவிட்டு அப்படியே தங்கி, துருவின் அடுக்குகளுக்குள் பதுங்கி, அடுத்த வினைக்கு ஆயத்தமாக நிற்கும். துருவின்மேல் பெயின்ட் அடிப்பவர் உப்பையும் உள்ளே வைத்து மூடுகிறார்.

பாம்பன், மண்டபம் வட்டாரம் இரும்புக்கு எவ்வளவு கொடிய இடம் என்பது நாடறிந்த செய்தி. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கடல்சார் அரிமானத்தைச் சோதிப்பதற்கு மண்டபத்தில் தனி நிலையம் வைத்திருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியில் அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் வகைப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாலத்துக்கு இவ்வளவு கவனம் செலுத்தும் அதே காற்றில்தான் நம் வண்டிகளும் நிற்கின்றன. ஆனால் ஊரின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது என்பதை அந்த வண்டியின் வரலாறு காட்டியது.

உரிமையாளரிடமும் ஓட்டுநரிடமும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதில் நான்கு செய்திகள் கிடைத்தன. வண்டி வாங்கிய இரண்டாம் ஆண்டில், கழுவுவதற்கு எளிதாக இருக்கும் என்று லோடு பாடியின் தரையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு விரித்திருக்கிறார்கள். மீன் பெட்டியிலிருந்து உருகி வழியும் ஐஸ் தண்ணீர் ஓட்டத்தின்போதே தரையில் ஓடி, பின்பக்க ஓரத்தில் ஒழுகும். கடல்மீனின் உப்பும் குழைவும் கலந்த நீர் அது. வண்டியைக் கழுவுவதோ, நாக்கில் வைத்தால் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில். கடைசியாக, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், அந்த இரண்டு மாதங்களும் வண்டி ஆண்டுதோறும் கடற்கரைக்கு அருகே ஒரே இடத்தில் அசையாமல் நின்றிருக்கிறது.

இவற்றுள் ஸ்டெயின்லெஸ் தகடு விரித்தது நல்லெண்ணத்தில் செய்த பெரும் பிழை. அதைப் பொருத்துவதற்காகத் தரைத் தகட்டைத் துளைத்துக் குறுக்குச் சட்டங்கள் வரைக்கும் திருகாணி இறக்கியிருந்தார்கள். ஒவ்வொரு துளையிலும் தொழிற்சாலைப் பூச்சு பெயர்ந்து வெற்று இரும்பு தெரிந்தது; மீன் தண்ணீர் அந்தத் துளைகளின் வழியாகவே கீழே சொட்டி, சேஸிஸ் சட்டத்தின் மேற்புறத்தில் வயர்களுக்காக விடப்பட்டிருந்த திறப்புகளில் புகுந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. இரண்டு வகை உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுள் ஒன்று மற்றதற்காகக் கரையும். துத்தநாகமும் இரும்பும் சேர்ந்தால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். விசைப்படகின் அடியில், புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டி பொருத்தும் வழக்கம் மீனவர்களுக்கு நன்கு தெரிந்ததே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் சாதாரண இரும்பும் சேர்ந்தாலோ கரைவது இரும்பு. அகலமான ஸ்டெயின்லெஸ் பரப்பு ஒரு பக்கமும், திருகாணி ஓட்டையைச் சுற்றிய மிகச் சிறிய வெற்று இரும்பு மறுபக்கமும் இருந்தால், பெரிய பரப்பின் பசி முழுவதும் அந்தச் சிறிய இடத்தின்மேல் விழும். குறுக்குச் சட்டங்கள் திருகாணியைச் சுற்றி மட்டும் சல்லடையாகிப் போயிருந்ததற்கு இதுவே காரணம்.

இனி அந்த இரண்டு வண்டிகள். ஒன்று இதே உரிமையாளரின் மைத்துனருடையது; இரண்டையும் ஒரே மாதத்தில்தான் வாங்கியிருக்கிறார்கள். அது பரமக்குடியில் அரிசி மூட்டை ஏற்றுகிறது. அதன் சட்டத்துக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்த்தபோது தொழிற்சாலைப் பூச்சு ஏறத்தாழ அப்படியே இருந்தது. அங்கங்கே தூசி மட்டுமே. உப்பு இல்லாத உள்நாட்டில் ஓடுவதால் அதில் வியப்பில்லை. எனக்குப் பாடமாக அமைந்தது மற்றொன்று. அதே ராமேஸ்வரம் இறங்குதளத்திலிருந்து அதே மீனை ஏற்றும் வண்டி அது; இதைவிட ஓர் ஆண்டு பழையது. அதன் சட்டத்துக்குள் மேலோட்டமான துரு இருந்தது. ஆனால் தட்டினால் கணீரென்று ஒலித்தது, துளைகள் அனைத்தும் திறந்திருந்தன. அந்த வண்டியை வைத்திருப்பவர் முன்பு விசைப்படகில் என்ஜின் வேலை பார்த்தவர். லோடு பாடியின் பின் ஓரத்தில் தகரத்தால் ஒரு வாய்க்கால் கட்டி, அதிலிருந்து ரப்பர் குழாய் வைத்து, மீன் தண்ணீர் சேஸிஸைத் தொடாமல் ஒரு கேனில் விழும்படி செய்திருக்கிறார். வாரம் ஒரு முறை, குடிநீர் வண்டியில் வாங்கிய நல்ல தண்ணீரில் இரண்டு குடம் எடுத்து, சட்டத்தின் மேல் திறப்புகளில் ஊற்றி, கீழே தெளிந்த நீர் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாராம். வடிதுளைகளைக் குத்திவிடுவதற்கு ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைச் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறார். தடைக்காலம் தொடங்கும் நாளில் இதையெல்லாம் செய்துமுடித்து, வண்டியை மேட்டில் சரிவாக நிறுத்திவைப்பது அவர் வழக்கம். மூன்று வண்டிகளை வைத்துப் பொதுவிதி கூற முடியாது என்பதை அறிவேன். ஆயினும் ஒரே காற்று, ஒரே சரக்கு, ஒரே தயாரிப்பு என்னும்போது, வேறுபாட்டைப் பராமரிப்பில்தான் தேட வேண்டியிருக்கிறது.

எப்.சி.-க்காக அடிக்கும் கறுப்புப் பூச்சைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை அடிக்கும் தொழிலில் நானும் இருக்கிறேன். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம் வண்டியைக் கொண்டுவந்து, வாட்டர் வாஷ் செய்த ஈரம் காய்வதற்குள்ளேயே அடியில் கறுப்பு அடிக்கச் சொல்வது எங்கும் நடக்கிறது. துருவைச் சுரண்டுவதில்லை, பெயின்ட் புகாதபடி வடிதுளைகளைத் தற்காலிகமாக மறைத்துக் காப்பதில்லை, பிரைமர் கிடையாது. அவ்வாறு அடித்த பெயின்ட் மூன்று மாதங்களுக்கு அழகாக இருக்கும். உள்ளே இருப்பதை எவர் கண்ணுக்கும் காட்டாது. இந்த நிகழ்வில் அந்தப் பூச்சு வடிதுளைகளை மூடியது ஒரு கேடு. தட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஐயமே எழாதபடி செய்தது அதைவிடப் பெரிய கேடு.

பெட்டிச் சட்டம் உள்ளிருந்து அழுகுவது நம் ஊருக்கு மட்டுமே உரிய சிக்கலும் அல்ல. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களில், டொயோட்டா நிறுவனத்தின் டகோமா வகைச் சரக்கு வண்டிகளின் சேஸிஸ் துருப்பிடித்துத் துளைவிழுந்ததால் 2008-இல் அந்நிறுவனம் 1995 முதல் 2000 வரையிலான மாதிரிகளுக்கு 15 ஆண்டு வரை உத்தரவாதத்தை நீட்டித்தது. பிற்கால மாதிரிகளுக்கான வழக்கில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே, ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளை உள்ளடக்கிய சமரசத்துக்கு 2016-இல் இணங்கியது. அதன் செலவு 340 கோடி டாலர் வரை ஆகலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அங்கேயும் சேஸிஸின் நலத்தைச் சோதிக்கச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது வழக்கம் என்பதை அறிந்தபோது, என் மேசையிலிருந்த பழைய சுத்தியல்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

மீன் வண்டிக்குச் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். பிய்ந்த இடத்தின்மேல் ஒட்டுத் தகடு வைத்துப் பற்றவைத்து அன்றே அனுப்பச் சொல்லி உரிமையாளர் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். மெலிந்த தகட்டில் வெல்டிங் பிடிக்காது, உருகி ஓடிவிடும். பிடித்தாலும், ஒட்டுக்கும் பழைய தகட்டுக்கும் நடுவில் புதியதோர் இடுக்கு உருவாகி அங்கேயே துரு தொடங்கும். ஆகவே நல்ல தகடு வரும் இடம் வரைக்கும் வெட்டியெடுத்து, இரண்டு பக்கச் சட்டங்களின் பின்பகுதியையும் குறுக்குச் சட்டங்களையும் நிறுவனத்தின் பாகங்களைக் கொண்டே, அவர்கள் கையேட்டில் அனுமதித்த இடங்களில் மட்டும் இணைத்தோம். எஞ்சிய பழைய பகுதியை மணல் பீய்ச்சி வெள்ளைத் தகடாக்கி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே துத்தநாகம் மிகுந்த பிரைமர் அடித்தோம். மணல் எட்டாத மூலைகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தடவினோம். இறுகிய மெல்லிய துருவை அது இரும்பு பாஸ்பேட்டாக மாற்றி நிலைப்படுத்தும், ஆனால் ஏடு ஏடாகப் பெயரும் துருவின்மேல் தடவினால் பயனில்லை. பெயின்ட் காய்ந்த பிறகு, நீண்ட நாசில் கொண்டு சட்டத்தின் உட்புறம் முழுவதும் மெழுகுக் கரைசலைப் பீய்ச்சினோம். அது இளகிய நிலையிலேயே தங்கி, கீறலிலும் இடுக்கிலும் ஊர்ந்து இறங்கும். பீய்ச்சி முடித்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு வடிதுளையையும் கம்பியால் குத்தித் திறந்தோம். இந்தப் படியைத் தவறவிட்டால் முன்செய்த அனைத்தும் வீண்.

பழைய என்ஜின் ஆயிலை அடியில் பீய்ச்சும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. ஈரத்தைத் தள்ளிவைக்கும் என்பது ஓரளவு உண்மையே. ஆனால் என்ஜினில் எரிந்த ஆயிலில் அமிலக் கழிவுகள் இருக்கும்; ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும்; பிரேக் லைனிங்கில் பட்டால் ஆபத்து; சொட்டும் இடமெல்லாம் மண்ணும் கிணறும் பாழாகும். அதற்கெனவே விற்கும் மெழுகோ, ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலின் கலவையோ கிடைக்கும்போது இதை நான் பரிந்துரைப்பதில்லை. பேட்டரியில் மாட்டினால் வண்டி முழுவதும் துரு வராது என்று விற்கப்படும் மின்கருவிகளும் என் பார்வையில் வீண் செலவு. மின்னோட்டத்தால் இரும்பைக் காக்கும் முறை கப்பலுக்குப் பயன்படுவதற்குக் காரணம், கப்பலின் அடிப்பகுதி முழுவதும் கடல் என்னும் ஒரே நீர்ப்பரப்பில் மூழ்கியிருப்பதுதான்; சாலையில் ஓடும் வண்டியில் ஈரம் துண்டு துண்டாக இருப்பதால் மின்சுற்று நிறைவடைவதில்லை.

மீன் வண்டி வைத்திராதவர்களுக்கும் இதில் பயன் உண்டு. காரின் தொழிற்சாலைப் பூச்சு மிகச் சிறந்த பாதுகாப்பு. உடல் முழுவதையும் தொட்டியில் மூழ்கடித்து மின்னோட்டத்தால் படியவைக்கும் முதல் பூச்சு ஏறத்தாழ 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான் என்றாலும், கை எட்டாத உட்புறங்களிலும் அது ஏறியிருக்கும். அதைத் துளையிடும் எந்த வேலையையும், அது ஸ்பீக்கராகட்டும் கூடுதல் பம்பராகட்டும், யோசித்தே செய்ய வேண்டும். துளையிட்டே ஆக வேண்டுமென்றால் துளையின் ஓரத்தில் பிரைமர் தொட்டுவைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கல்லடித்த புள்ளியை மழைக்காலத்துக்கு முன்பே மூடிவிட வேண்டும். கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகளை ஆண்டுக்கு இரண்டு முறையாவது குத்திவிட்டால், கதவுக்குள் தண்ணீர் தேங்கிச் சலசலப்பது நின்றுவிடும். நனைந்த வண்டிக்குக் காற்றுப் புகாத கவர் போடுவதைவிட, கவரே போடாமல் காற்றில் நிறுத்துவது மேல். வெள்ளத்தில் நின்ற காரில் சீட்டைக் காயவைப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். தரை விரிப்புக்குக் கீழே உள்ள பஞ்சு மாதக்கணக்கில் ஈரம் காக்கும் என்பதால் அதைப் பிரித்தெடுத்தே ஆக வேண்டும்.

இருசக்கர வண்டியில் சைலன்சர் தனிக் கதை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. தெருமுனைக் கடைவரைக்கும் போய்த் திரும்பும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடேறுவதில்லை. அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்கி, உள்ளிருந்து அரித்துவிடும். வாரம் ஒரு நாளாவது அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுவது அதற்கு மருந்து.

சரிசெய்த மீன் வண்டி அதன் பிறகு இரண்டு வடகிழக்குப் பருவமழையைக் கடந்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் தகட்டைக் கழற்றிவிட்டு, துளையில்லாத பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருக்கிறார்கள். மற்ற வண்டியில் பார்த்த அதே வாய்க்காலும் குழாயும் பொருத்தியாயிற்று. கடந்த மாதம் சோதனைக்கு வந்தபோது வயர்த் திறப்பில் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினோம். கீழே நான்கு துளைகளிலும் தண்ணீர் வந்தது. முதலில் கலங்கலாக, இரண்டு மீன் செதில்களோடு, பிறகு தெளிவாக. உரிமையாளர் சட்டைப்பையிலிருந்து ஸ்போக்ஸ் கம்பியை எடுத்து, சற்று மெதுவாக ஒழுகிய நான்காவது துளையைத் தாமே குத்திவிட்டார்.